ஒரு நரியிலிருந்து இன்னொரு நரி

2016-இல் வெளிவந்த டிஸ்னியின் 'ஜூட்டோபியா' படத்தில் இரண்டு நரிகள் கூட்டாளிகளாக வருகின்றன. நிக் வைல்ட் செந்நரி. ஒல்லியான நெடிய உடம்பு, பாதி மூடிய கண்கள். ஃபின்னிக் சகாராப் பாலைவனத்தைச் சேர்ந்த ஃபென்னெக் நரி. நிக்கின் குழந்தையாக வேடம் போடும் அளவுக்குக் குட்டை, காதுகள் மட்டும் பிரம்மாண்டம். இரண்டும் நரி என்பது பார்த்த மாத்திரத்தில் சின்னக் குழந்தைக்கும் புரிகிறது. இரண்டும் வேறு வேறு ஆள் என்பதும் அதே நொடியில் புரிகிறது. கணினியில் சிற்பம் செய்கிறவர்களுக்கு வரும் வேலைகளில் மிக நுட்பமானது இதுதான்: ஏற்கெனவே இருக்கும் ஒரு ரோமக் கேரக்டரிலிருந்து அதன் உறவுக்காரன் ஒருவனை உருவாக்குவது.

முதல் நரியைச் செய்வதுதான் கடினம், இரண்டாவது நரி நகலெடுத்துத் திருத்தும் வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். என் கருத்து நேர் எதிரானது. முதல் நரியில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டாவது நரியில் எதைத் தொடக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவு சரியாக அமைந்தால் வாரக்கணக்கான உழைப்பு மிச்சம். அமையாவிட்டால் எலும்பு, முகபாவம், வண்ணம், ரோமம் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டும்.

ஓர் உதாரணத்தோடு போவோம். இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் கார்ட்டூன் செந்நரி ஒன்று பிளெண்டர் மென்பொருளில் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஃபென்னெக் நரி ஒன்று, ஆர்க்டிக் நரி ஒன்று என இரண்டு சித்தப்பா பிள்ளைகள் தேவை. மூன்றுமே விலங்கியலில் வல்பெஸ் என்ற ஒரே பேரினம். இயற்கையே ஒரே உடலமைப்பை மணலுக்கு ஒரு விதமாகவும் பனிக்கு ஒரு விதமாகவும் மாற்றி வைத்திருக்கிறது.

கணினிக்குள் இருக்கும் நரிக்குச் சதை கிடையாது. அது வெறும் மேல்தோல். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்ட வலை. தொழிலில் இதை மெஷ் என்கிறோம். நான்கு புள்ளிகள் சேர்ந்தால் ஒரு கட்டம், ஆயிரக்கணக்கான கட்டங்கள் சேர்ந்தால் ஒரு நரி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரிசை எண் உண்டு. இடது கண்ணின் உள்மூலையில் இருக்கும் புள்ளியின் எண் 4,217 என்றால், நரி சிரித்தாலும் அழுதாலும் குதித்தாலும் அந்த மூலைக்கு எண் 4,217தான். ரிக் எனப்படும் எலும்புக்கூடு எந்தப் புள்ளியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை இந்த எண்ணை வைத்தே நினைவில் வைத்திருக்கிறது. வண்ணப்படத்தின் எந்த இடம் தோலில் எங்கே ஒட்ட வேண்டும், ரோமத்தின் வேர்கள் எந்தக் கட்டத்தில் ஊன்றியிருக்கின்றன என்பதெல்லாமும் இந்த வரிசையை நம்பியே இருக்கின்றன.

ஆகவே ஃபென்னெக் உருவாகும்போது புள்ளிகள் எங்கு வேண்டுமானாலும் நகரலாம். அவற்றின் எண்ணிக்கையும் வரிசையும் மாறக் கூடாது. செந்நரியில் கண்ணின் மூலையாக இருந்த 4,217 ஃபென்னெக்கிலும் கண்ணின் மூலையாகவே இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையைக் காப்பாற்றிவிட்டால் ஒரு சின்னக் கணக்கு நம் கைவசமாகிறது. இரண்டு நரிகளுக்கும் இடையே ஒரு புள்ளி எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அந்த வேறுபாட்டை ஓர் எடையால் பெருக்கிப் பழைய இடத்தோடு கூட்டினால் புதிய இடம் கிடைக்கும். எடை 0 என்றால் செந்நரி, 1 என்றால் ஃபென்னெக். 0.5 என்றால் இரண்டுக்கும் நடுவே, எவரும் செதுக்காத ஒரு கலப்பு நரி திரையில் வந்து நிற்கிறது. பிளெண்டரில் இதற்கு ஷேப் கீ என்று பெயர். 1972-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் பார்க் ஒரு மனித முகத்தைக் கணினியில் ஒரு பாவத்திலிருந்து இன்னொரு பாவத்துக்கு மாற்றியதும் அடிப்படையில் இதே கணக்கைக் கொண்டுதான்.

இந்தக் கணக்கு புள்ளிகளை நேர்கோட்டில் மட்டுமே நகர்த்தும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். விறைத்து நிற்கும் காதைச் சாய்ந்து தொங்கும் காதாக்க வேண்டுமென்றால் அதன் நுனி வில்போல் வளைந்து இறங்க வேண்டும். ஷேப் கீயோ குறுக்குவழியில் கொண்டுபோகும். 90 பாகை சாய வேண்டிய காது, பாதி வழியில் தன் நீளத்தில் 71 சதவீதமாகச் சுருங்கி நிற்கும். திருப்ப வேண்டியதை எலும்பிடமும், நீட்டவும் பருக்கவும் வேண்டியதை ஷேப் கீயிடமும் விடுவது நல்லது.

இந்த யோசனையின் வேர் கணினிக்கு மிக முந்தையது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் நெடுங்காலம் உயிரியல் பேராசிரியராக இருந்த டார்சி வென்ட்வொர்த் தாம்சன் 1917-இல் 'ஆன் குரோத் அண்ட் ஃபார்ம்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். அதன் கடைசிப் பகுதி முழுக்க மீன், நண்டு ஓடு, மண்டையோடு என்று படங்கள். உடம்பெல்லாம் முள்ளான பேத்தை மீன் ஒன்றைச் சதுரக் கட்டத்தின் மேல் வரைந்தார். பிறகு அந்தக் கட்டத்தின் கோடுகளை வால் பக்கம் விரியும்படி வளைத்தார். மீனின் ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் கட்டத்திலேயே வைத்து மறுபடி வரைந்தபோது, கிடைத்தது உருவத்தில் முற்றிலும் வேறான சூரிய மீன். மனித மண்டையோட்டின் மேல் போட்ட கட்டத்தை வளைத்துச் சிம்பன்ஸியின் மண்டையோட்டையும் பபூன் குரங்கின் மண்டையோட்டையும் அதேபோல் பெற்றார். நெருங்கிய உறவுள்ள உயிர்கள் துண்டு துண்டாக வேறுபடுவதில்லை, முழு உடலும் ஒரே சீரான திரிபுக்கு ஆளாகிறது என்பது அவர் வாதம்.

1986-இல் தாமஸ் செடர்பெர்க், ஸ்காட் பாரி இருவரும் கணினி வரைகலைக்குக் கொடுத்த ஒரு முறை, அந்தக் கட்டத்தாளை முப்பரிமாணமாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. உருவத்தைச் சுற்றி ஒரு கூண்டு போடுகிறோம். கூண்டின் மூலைகளை இழுத்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து வளைகிறது. பிளெண்டரில் இது லாட்டிஸ். செதுக்கும் பிரஷைத் தொடுவதற்கு முன் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். செந்நரியின் தலையைச் சுற்றிக் கூண்டைப் போட்டு, மூஞ்சிப் பக்கத்து மூலைகளைப் பின்னால் தள்ளி, மண்டைப் பக்கத்து மூலைகளை அகட்டிப் பாருங்கள். சில நிமிடங்களில் பாதி ஃபென்னெக் வந்துவிடும். கண், மூக்கு, தாடை எல்லாம் தங்களுக்குள் இருந்த உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் நகர்ந்திருக்கும். ஆரம்பத்திலேயே காதைப் பிடித்து இழுத்தால் பெரிய காது ஒட்டவைத்த செந்நரிதான் மிஞ்சும்.

எதை எவ்வளவு மாற்றுவது என்ற கேள்விக்கு விலங்கியல் நல்ல துணை. குளிர்ப் பகுதி விலங்குகளுக்குக் காது, கால், வால், மூஞ்சி போன்ற வெளிநீட்சிகள் குட்டையாகவும், வெப்பப் பகுதியில் அவை நீளமாகவும் இருக்கும் போக்கை 1877-இல் அமெரிக்க விலங்கியலாளர் ஜோயல் ஆசாஃப் ஆலன் எடுத்துச் சொன்னார். நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு உடலின் பருமனை அதிகம் கூட்டாமல் தோலின் பரப்பைக் கூட்டுகிறது. உடல் வெப்பம் வெளியேறுவது அந்தப் பரப்பு வழியாகத்தான். ஃபென்னெக்கின் தலையும் உடலும் சேர்ந்து 40 செ.மீ. அளவுதான், எடை ஒன்றரைக் கிலோவுக்குள். காது 15 செ.மீ. வரை வளர்கிறது. அந்தக் காதுகள் உடல் வெப்பத்தை வெளியேற்றுகின்றன, மணலுக்கடியில் அசையும் இரையின் ஒலியையும் பிடிக்கின்றன. ஆர்க்டிக் நரியில் எல்லாம் மறுதலை: உருண்டைக் காது, குட்டை மூஞ்சி, குட்டைக் கால். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்று. பாதத்தின் அடிப்பக்கத்திலும் அடர்ந்த ரோமம் இருக்கிறது. ஒன்றுக்குச் சுடும் மணல், மற்றதற்குப் பனிக்கட்டி. கேரக்டர் காலைத் தூக்கும் ஒரே ஒரு ஷாட்டில்தான் அது தெரியும். தெரிகிற இடத்தில் அது இருக்க வேண்டும்.

இயற்கையின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆவணப்பட நரிதான் கிடைக்கும். கார்ட்டூன் சாயலுக்கு மிகை வேண்டும், மிகைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எம்.ஐ.டி. மாணவியாக இருந்த சூசன் பிரென்னன் 1980-களின் தொடக்கத்தில் கேலிச்சித்திரம் வரையும் நிரல் ஒன்றை எழுதினார். ஒரு முகத்தைச் சராசரி முகத்தோடு ஒப்பிட்டு, அது எங்கெங்கே விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகலை மட்டும் பெருக்குவது அதன் வேலை. சராசரியைவிட நீண்ட மூக்கு இன்னும் நீளும். சராசரியை ஒட்டியே இருக்கும் வாய் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். ஷேப் கீயின் எடையை 1-ஐத் தாண்டி 1.4 வரை நகர்த்தும்போது நாமும் இதையே செய்கிறோம். செந்நரியிலிருந்து ஃபென்னெக் விலகும் இடங்கள் மட்டும் மிகையாகின்றன, பொதுவானவை அசையாமல் இருக்கின்றன. நரி என்ற அடையாளம் தப்பிப் பிழைப்பது அதனால்தான்.

எல்லா விலகலையும் ஒரே எடையில் ஏற்றுவதில் ஆபத்து இருக்கிறது. காது 1.4 எடையைத் தாங்கும். மூஞ்சி தாங்காது, பற்களுக்கும் நாக்குக்கும் இடமில்லாமல் போய், உதடுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். அதனால் காது, மூஞ்சி, மண்டை, கைகால் என்று தனித்தனி ஷேப் கீகளாகப் பிரித்து வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு பாகத்தைத் தலைவனாக்கி மிகைப்படுத்தி, மற்றவற்றைப் பின்னால் வரவிடுவதே எனக்குப் பிடித்த முறை. ஃபென்னெக்குக்குத் தலைவன் காது. ஆர்க்டிக் நரிக்கு உருட்சி. தலை, உடல், வால் எல்லாமே பந்தை நோக்கிப் போக வேண்டும்.

கண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெரிய தலை, பெரிய கண், உப்பிய கன்னம், குட்டைக் கைகால் ஆகிய குழந்தை அடையாளங்கள் நமக்குள் தன்னிச்சையாகப் பரிவைத் தூண்டுகின்றன என்று 1943-இல் கொன்ராட் லோரன்ஸ் எழுதினார். 1979-இல் ஸ்டீபன் ஜே கூல்ட் அந்தக் கருத்தை மிக்கி மவுஸிடம் அளவுகோலோடு கொண்டுபோனார். பல பத்தாண்டுகளில் மிக்கியின் கண், தலை நீளத்தில் 27 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக வளர்ந்திருந்ததை அளந்து காட்டினார். வால்ட் டிஸ்னியின் ஓவியர்கள் எவரும் ஒரே நாளில் தீர்மானித்துச் செய்த மாற்றம் அல்ல அது. மாறுபாட்டுக் கேரக்டர் செய்யும்போது கண்ணைப் பெரிதாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கண்ணைத் தொட்டால் இனம் மாறுவதற்கு முன் வயது மாறிவிடும். ஃபென்னெக் சகோதரன் வேண்டுமென்று ஆரம்பித்து, செந்நரிக்குக் குட்டி பிறந்த கதையாகப் பல முயற்சிகள் முடிவது இப்படித்தான்.

இனி பிரஷ் வேலை. சிற்ப மென்பொருள்கள் ஒரு மெஷ்ஷைப் பல நிலைகளில் வைத்திருக்கின்றன. எட்வின் கேட்மல், ஜிம் கிளார்க் இருவரும் 1978-இல் வெளியிட்ட முறைப்படி ஒவ்வொரு கட்டமும் நான்காகப் பிரிந்து மழமழப்பாகிறது. அடிநிலையில் 10,000 கட்டங்கள் இருந்தால் ஐந்தாம் நிலையில் 1,02,40,000. கண்ணோரச் சுருக்கம், மூக்கின் சொரசொரப்பு எல்லாம் மேல் நிலையில் இருக்கின்றன. மண்டையின் வடிவம் கீழ் நிலையில். இதில் ஒரு நயமான ஏற்பாடு உண்டு. மேல் நிலையின் ஒவ்வொரு மேடு பள்ளமும், தனக்கு அடியில் இருக்கும் தளத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு விலகி நிற்கிறது என்று அந்தத் தளத்தைச் சார்ந்தே பதிவாகிறது. ஆகவே அடிநிலைக்கு இறங்கி மூஞ்சியைக் குட்டையாக்கினால், மூக்கின் சொரசொரப்பு அழியாமல் கூடவே வந்து சேர்கிறது. மாறுபாடு செய்கிறவர் முக்கால்வாசி நேரம் முதல் இரண்டு நிலைகளிலேயே இருப்பது நல்லது.

மூஞ்சியின் ஓரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். செந்நரியின் வாய்க்கோடு நீளம். கடைவாய் கண்ணுக்கு நேர்கீழ்வரை போகிறது. வாயைச் சுற்றி வளையம் வளையமாகப் புள்ளி வரிசைகள் ஓடுகின்றன, சிரிக்கும்போது தோல் மடிய வேண்டிய திசையில். மூஞ்சியை 30 சதவீதம் குறுக்கினால் இந்த வளையங்கள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று விழப் பார்க்கும். கிராப் பிரஷால் கடைவாயை மட்டும் பிடித்து முன்னே இழுத்தால் கன்னத்துக் கட்டங்கள் இழுபட்டு நீளும், அங்கே ரோமம் கோடு கோடாகப் பிளக்கும். அதனால் பெரிய பிரஷால் கன்னம் முழுவதையும் மெல்ல நகர்த்தி, பிறகு கட்டங்களின் அளவைச் சமப்படுத்தும் ஸ்மூத் பிரஷை உருவம் கெடாமல், தளத்தின் மேலேயே சறுக்கவிட வேண்டும். கடைவாய்ப் புள்ளியின் எண்ணும் வளையங்களின் எண்ணிக்கையும் மாறவில்லை. செந்நரிக்குச் செய்த சிரிப்பு ஃபென்னெக்கின் முகத்திலும் வேலை செய்யும். கொஞ்சம் திருத்தினால் போதும்.

செய்யக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாக்ஸல் ரீமெஷ், டைன்டோபோ போன்ற வசதிகள் செதுக்கும்போதே புதிய புள்ளிகளைப் பிறப்பித்துக்கொண்டே போகும். முதல் நரியைத் தேடும் கட்டத்தில் அவை வரப்பிரசாதம். மாறுபாட்டில் அவற்றைத் தொட்டால் 4,217 என்பதே எங்கும் இருக்காது. சுதந்திரமாகச் செதுக்கிப் பார்க்க ஆசைப்பட்டால் தனிப் பிரதியில் செய்து, பிறகு பழைய மெஷ்ஷை அதன்மேல் போர்த்திப் படியவைக்க வேண்டும். போர்த்துகிற மெஷ் பழையதாகவே இருக்கட்டும்.

உடல் சரி. ரோமத்துக்கு வரும்போதுதான் மாறுபாடு என்ற கணக்கு திணறுகிறது.

திரையில் தெரியும் லட்சக்கணக்கான முடிகளை எவரும் ஒவ்வொன்றாக வாருவதில்லை. சில நூறு அல்லது சில ஆயிரம் வழிகாட்டி முடிகளைச் சிற்பி வாரிவிடுகிறார். இடைப்பட்டவற்றைக் கணினி நிரப்புகிறது. உடல் மாறினால் வழிகாட்டி முடிகளின் வேர்கள் தங்கள் கட்டத்தோடு சேர்ந்து நகர்ந்துவிடும். முடியின் எண்ணிக்கை மட்டும் பழையபடியே நிற்கும். காதின் நீளமும் அகலமும் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது. அதே முடிகள் நான்கு மடங்கு இடத்தை மூட முயல, காது வழுக்கையாகத் தெரியும். குறுகிய மூஞ்சியிலோ முடி நெரிசலாகிப் பூஞ்சை பிடித்தாற்போல் ஆகும். அடர்த்தியைச் சதுரப் பரப்புக்கு இவ்வளவு என்று மறுபடி நிர்ணயிக்க வேண்டும்.

உருவத்தின் அளவும் முடியோடு பின்னிக் கிடக்கிறது. செந்நரியைப் பாதியாகச் சுருக்கினால் முடியின் நீளமும் தடிமனும் பாதியாகின்றன. கண்ணுக்கு அது சின்ன நரியாகத் தெரியாது. தூரத்தில் நிற்கும் பெரிய நரியாகவே தெரியும். சின்ன விலங்கு சின்னதாகத் தோன்ற, அதன் உடலோடு ஒப்பிடும்போது முடி தடிமனாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். 'ஜூட்டோபியா'வில் நிக்குக்குச் சுமார் 25 லட்சம் முடிகள், ஒட்டகச்சிவிங்கிக்குச் சுமார் 90 லட்சம், கையளவே உள்ள ஜெர்பில் எலிக்குச் சுமார் 4,80,000 என்று டிஸ்னி தெரிவித்திருந்தது. உடல் அளவின் வித்தியாசத்தோடு பார்த்தால் இந்த எண்கள் அவ்வளவு விலகவில்லை.

ரோமம் உருவத்தை மறைக்கவும் செய்கிறது. 5 செ.மீ. முடி தோலிலிருந்து 30 பாகை எழுந்து நின்றால் உருவம் பக்கத்துக்கு இரண்டரை செ.மீ. பருக்கிறது. ஆர்க்டிக் நரியின் உருட்சியில் பெரும்பங்கு குளிர்கால ரோமத்தின் கொடை. கோடையில் அதே நரி ஒல்லியாக, பழுப்பும் சாம்பலுமாகத் திரிகிறது. எனவே பனி நரிக்கு உடலைக் குண்டாகச் செதுக்கி அதன்மேல் நீண்ட ரோமமும் வைத்தால் இரண்டு முறை குண்டாகிவிடும். உள்ளே ஒல்லி உடம்பை வைத்து, ரோமத்தின் நீளத்தையும் எழுச்சியையும் கொண்டு வெளிக்கோட்டைப் பிடிப்பதே முறை. அப்போது ஒரே மெஷ்ஷில் கோடைக்கு ஒரு நரி, குளிருக்கு ஒரு நரி என்று இரண்டு கிடைக்கும்.

ரோமம் எந்தப் பக்கம் படிய வேண்டும் என்பதில் கணிதம் நேரடியாகக் குறுக்கிடுகிறது. ஒரு பந்தின் மேல் அடர்ந்திருக்கும் முடியை எங்கும் சுழியோ பிளவோ இல்லாமல் படிய வாரிவிட முடியாது. இதைச் சாதாரண உருண்டைக்கு 1885-இல் ஆன்றி புவான்கரேயும், உயர் பரிமாணங்களுக்கு 1912-இல் பிரௌவரும் நிறுவினார்கள். உரித்த தேங்காயின் நாரைப் பாருங்கள்: ஒரு முனையில் பிரிந்து புறப்பட்டு, மறு முனையில் குடுமியாகக் கூடுகிறது. அப்படி ஒரு முனைகூட இல்லாமல் வார வழியே இல்லை. புறப்படும் இடத்துக்கு ஒன்று, கூடும் இடத்துக்கு ஒன்று என்று எண்ணினால் மொத்தம் 2. உருண்டையை எப்படி இழுத்து வளைத்தாலும் இந்தக் கூட்டுத்தொகை 2-ஆகவே இருக்கும்.

நரியின் உடலும் வாய், கண் போன்ற திறப்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இழுத்து வளைத்த உருண்டைதான். ரோமம் மூக்கு நுனியில் புறப்படுகிறது, வால் நுனியில் கூடுகிறது. கணக்கு 2-இல் முடிந்துவிட்டது. அப்படியானால் காது நுனியில் கூடும் ரோமத்துக்கும் பாதத்தில் கூடும் ரோமத்துக்கும் கணக்கு எங்கே போகிறது? ஒவ்வொரு புதிய நுனிக்கும் ஈடாக உடலில் வேறெங்கோ கழித்தல் 1 மதிப்புள்ள ஒரு பிளவு தோன்ற வேண்டும்: இரண்டு பக்கமிருந்து வரும் ரோமம் மோதி, மற்ற இரண்டு பக்கம் விலகிப் போகும் இடம். அக்குளிலும் மார்பிலும் காதின் அடியிலும் நாய், பூனை, நரிகளின் ரோமத்தைக் கவனித்தால் அந்த மோதல் தெரியும். செந்நரியிலிருந்து ஃபென்னெக் செய்யும்போது காது எவ்வளவு வளர்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வாரிவிட்ட திசைகள் அப்படியே பொருந்தும். கதைக்காக நரிக்கு ஒரு கொம்பு முளைக்கவைத்து அதையும் ரோமத்தால் மூடுகிறீர்கள் என்றால் கூடவே ஒரு பிளவும் வந்தே தீரும். அது எங்கே விழ வேண்டும் என்று நாம் தீர்மானிக்காவிட்டால், நெற்றியின் நடுவே கேமராவுக்கு நேராக விழும்.

உயிருள்ள விலங்கில் இந்தத் திசையைத் தோலின் செல்களே தீர்மானிக்கின்றன. ஃபிரிஸில்டு-6 என்ற மரபணு இல்லாத எலிகளின் ரோமம் உடல் நெடுகச் சீராகப் படியாமல் தலையிலும் பின்னங்கால்களிலும் சுழிகளாக வளர்ந்ததை ஜெரமி நாதன்ஸ் குழுவினர் 2004-இல் காட்டினார்கள். மரபணு கொடுக்கும் திசையுணர்வைக் கணினி நரிக்குச் சீப்பைப் பிடித்திருக்கும் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

வயதுக்கான மாறுபாட்டுக்கு நல்ல சான்று பிக்ஸாரின் சல்லி என்ற கேரக்டர். 2001-இன் 'மான்ஸ்டர்ஸ், இன்க்.' படத்தில் அவனுக்குச் சுமார் 23 லட்சம் முடிகள். 2013-இல் வந்த 'மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி' அவனுடைய கல்லூரிக் காலக் கதை. அதில் அவன் இளைஞன், ஒல்லி, உச்சந்தலை முடி கலைந்தவன். முடிகளின் எண்ணிக்கையோ சுமார் 55 லட்சம். உடல் இளைத்தும் முடி இரண்டு மடங்குக்கு மேல் கூடியதற்குக் காரணம் 12 ஆண்டுகளில் கணினிகள் அடைந்த வளர்ச்சி. அத்தனை மாற்றத்துக்குப் பிறகும் நீலப் பச்சை ரோமத்தில் ஊதாப் புள்ளிகள் அப்படியே இருந்தன. எதைத் தொடக் கூடாது என்பதை அந்தக் குழு தெளிவாக அறிந்திருந்தது.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. விலங்கு முடியின் நிறத்தை இரண்டு மெலனின்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று கருமைக்கு, மற்றது செம்மைக்கு. பிளெண்டரின் முடி ஷேடரிலும் மெலனின் அளவு, செம்மை என்று இரண்டு பட்டைகள் இருக்கின்றன. செந்நரிக்குச் செம்மை மிகுதி. ஃபென்னெக்குக்கு மெலனினைக் குறைத்துக் கொஞ்சம் செம்மையை விட்டால் மணல் நிறம். ஆர்க்டிக் நரியின் குளிர்காலத்துக்கு மெலனின் கிட்டத்தட்ட பூஜ்யம். வெள்ளை ரோமம், இறுதிப் படமாக்கும் ரெண்டரில் அதிக நேரம் பிடிக்கும். கருமுடி ஒளியை உடனே விழுங்கிவிடுகிறது. வெண்முடியில் ஒளி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்க, ஒவ்வொரு தாவலையும் கணக்கிட வேண்டியிருக்கிறது. தாவல்களின் வரம்பைக் குறைத்தால் பனி நரி அழுக்கு நரியாகிவிடும்.

3டி பிரின்டரில் அச்சிட்டுப் பொம்மையாக்க வேண்டுமென்றால் இந்த முடிகள் எதுவும் உதவாது; அவ்வளவு மெல்லிய இழையை இயந்திரம் அச்சிடாது. ரோமத்தைக் கொத்துக் கொத்தாகத் தோலிலேயே செதுக்க வேண்டும். கன்னத்தில் மூன்று பெரிய கொத்துகள், அவற்றின் மேல் சில நடுத்தரம், விளிம்பில் மட்டும் சிறு கீற்றுகள் என்று அளவு மாறி மாறி வந்தால் கண் அதை ரோமமென ஏற்றுக்கொள்ளும். எல்லாக் கொத்தும் ஒரே அளவானால் செதில்போல் ஆகிவிடும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பது நல்லது, அதற்குச் செலவும் இல்லை. பிளெண்டர் இலவசம். 2008-இல் பிளெண்டர் குழுவினர் ஆம்ஸ்டர்டாமில் எடுத்த 'பிக் பக் பன்னி' குறும்படத்தில் ஒரு குண்டு முயலும் பறக்கும் அணிலும் செவ்வணிலும் சின்சில்லாவும் வருகின்றன. அந்தப் படத்தின் மூலக் கோப்புகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எவரும் பயன்படுத்த விட்டிருக்கிறார்கள். அந்த விலங்குகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமத்தை மறைத்துவிட்டு, கூண்டு போட்டு, புள்ளிகளின் எண்ணிக்கை மாறாமல் அதற்கு ஒரு சகோதரனைச் செய்யுங்கள். ரோமம் கடைசியில் வரட்டும். செய்து முடித்து வெளியிடும்போது மூலப் படைப்பாளிகளின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. அதை மறக்காமல் செய்யுங்கள்.